பதியன்

போன வாரம் மல்லிகைச் செடியை மொட்டையடித்தேன். தரையோடு வளைத்துப் புதைத்திருக்கும் இரண்டு கிளைகளைத் தவிர ஓர் இலைகூட விடவில்லை. முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாக நிற்கிறது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சா?" என்று மலாயில் கேட்டார், துக்கம் விசாரிக்கிற குரலில். இல்லை ஆன்ட்டி, முடி வெட்டியிருக்கேன் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு மாசம் பொறுங்க, பூ கொண்டுவந்து தர்றேன் என்று சொல்லி அனுப்பினேன்.

இது பாட்டியின் கணக்கு. தைப்பூசத்துக்கு முடி இறக்கியவர்கள் வீடு திரும்பியதும் மல்லிகைக்கும் இறக்கிவிட வேண்டும் என்பார். ஏன் என்று கேட்டால், "அதுக்கும் வேண்டுதல் இருக்கு" என்பதோடு சரி. வளர்ந்த பிறகுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. மதுரைப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்துவிடுவார்கள். மாசி பங்குனியில் பூ கொட்டும். அந்தக் கணக்கை அப்படியே ஜொகூருக்குக் கொண்டுவந்தால் கதை கந்தல். இங்கே கார்த்திகை, மார்கழி என்றால் வடகிழக்குப் பருவமழை ஊற்றுகிற நேரம். வெட்டிய இடத்தில் ஈரம் இறங்கி, கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். தை பாதிக்கு மேல் மழை ஓய்ந்து மண் கொஞ்சம் காய்ந்த பிறகுதான் கத்தி வைக்கலாம். எந்தத் தலைமுறையிலோ யாரோ நாலைந்து செடிகளைப் பறிகொடுத்துத்தான் இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அப்புறம் தைப்பூசத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மறக்காது பாருங்கள்.

தமிழ்ப் பள்ளியில் வசந்த காலம் என்று பாடம் நடத்தியபோது எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிதான் வடக்கே இருக்கிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் பகல் ஏறக்குறைய ஒரே நீளம். செடிகளுக்கு இங்கே நாள்காட்டி கிடையாது. மழையும் வெயிலும்தான் சொல்லும். பெரிய மரக்கிளைகளில் தொற்றி வளரும் ஒரு வெள்ளை ஆர்க்கிட் உண்டு, மலாய்க்காரர்கள் புறாவின் பெயரால் அழைப்பார்கள். திடீர் மழையில் சூடு சட்டென்று இறங்கினால், ஒன்பதாம் நாள் காலையில் அந்த வட்டாரத்திலுள்ள அத்தனை செடியும் ஒன்றாகப் பூக்கும்; பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். அப்பா அந்த ஒன்பதை வைத்து நாலு நம்பர் லாட்டரி எழுதிப் பார்த்தார். விழுந்ததில்லை.

ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசந்தம் இருந்தது. பாட்டி அதை "எல கொட்டுற காலம்" என்பார். பாட்டி ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் ரப்பர் மரங்கள் இலையெல்லாம் சிவந்து, மஞ்சளாகி, மொத்தமாகக் கொட்டிவிடும். எப்போதும் பாதி இருட்டாகக் கிடக்கும் காட்டுக்குள் திடீரென்று வானம் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் வரும். கூடவே சின்னச் சின்ன மஞ்சள் பூ. அந்த மணத்துக்கும் இலைக்காம்பில் சுரக்கும் தேனுக்கும் தேனீ மொய்க்கும். பார்ப்பதற்கு அழகு. ஆனால் அப்போது பால் சுண்டிவிடும், கூலியும் சுண்டிவிடும். தோட்டத்துப் பெண்கள் வீட்டு வாசலில் மண்ணைக் கிளறியது அந்த நேரத்தில்தான். கையில் காசு கம்மி, பொழுது ஜாஸ்தி.

லயத்து வீட்டு வாசலில் பத்தடிக்குப் பதினைந்தடி இருந்தால் பெரிய இடம். பேர் கூப்பிடும் பெரட்டுக்கு இருட்டோடு போனவர்கள் மதியம் வீடு திரும்பி, சோறாக்கித் தின்று, கொஞ்சம் கண்ணயர்ந்தால், நாலு மணிக்கு மேல் அந்தப் பத்தடிதான் உலகம். பின்னால் மாட்டுக் கொட்டகை, சாணத்துக்குப் பஞ்சமில்லை. வாசலுக்கு வலப்பக்கம் மல்லிகை, இடப்பக்கம் கனகாம்பரம், குழாயடியில் வெற்றிலை, ஓரத்தில் முருங்கை, சமையல்கட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலை. மருதாணி, துளசி, சாமிக்கு நந்தியாவட்டை, கண்வலிக்கும் அதே நந்தியாவட்டை. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், மண் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டு நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அது தெரிந்தேதான் அத்தனை பேரும் நட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்கு ஒரு கதை உண்டு. 1936இல் கொள்ளுப்பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது ஒரு கன்றை ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். சித்தப்பா சொல்லும்போது கப்பலின் பெயர் ரஜூலா. அத்தை சொல்லும்போது கப்பலில் புயலும் சேர்ந்துகொள்ளும். ரஜூலா 1926லிருந்து அந்த வழியில் ஓடியது உண்மைதான். ஆனால் நாகையிலிருந்து பினாங்குக்கு ஒரு வாரம், அப்புறம் நோய் பரவாமல் இருக்க ஆட்களை அடைத்துவைத்த முகாம், அங்கிருந்து ரயில், லோரி. துணிமணியையே ஆவியில் போட்டு எடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மடியில் இருந்த செடியை விட்டிருப்பார்களா? விதையாகக் கொண்டுவந்திருக்கலாமே என்றால் அதுவும் கஷ்டம். கறிவேப்பிலை விதை பழத்திலிருந்து எடுத்த கொஞ்ச நாளிலேயே உயிரை விட்டுவிடும். அவரை விதை, பூசணி விதை மாதிரி முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து நட முடியாது.

ரப்பர் விதையும் இதே ஜாதிதான். 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் பக்கமிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்தது சுமார் 2,700. அவற்றின் வழியில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக இங்கே வரவைத்தது அந்த வம்சம்தான். கண்ணாடி வீடும் அரசாங்கமும் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், கொள்ளுப்பாட்டியின் ஈரச்சாக்கை நான் நம்பத் தயாரில்லை. பக்கத்து லயத்தில் முன்னமே இருந்த குடும்பம் ஏதோ ஒரு வேர்க்கன்றைக் கொடுத்திருக்கும் என்பதுதான் என் தீர்ப்பு. இதைப் போன தீபாவளிக்கு அத்தையிடம் சொன்னேன். முறுக்குத் தட்டை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மல்லிகை விஷயத்தில் குடும்பம் கொஞ்சம் அடக்கி வாசிக்கும். அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மலாய்க்காரர்கள் இதே மல்லிகையை மெலூர் என்று காலங்காலமாக வளர்க்கிறார்கள், கல்யாணப் பெண்ணின் கொண்டையில் சுற்றுகிறார்கள். ஆக அது கப்பலில் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. எனக்குத் தெரிந்தவரை அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. குண்டுமல்லி பெரும்பாலும் காய்ப்பதில்லை, விதை கிடையாது. கிளையைப் புதைத்து வேர்விட வைத்தோ குச்சியை ஊன்றியோதான் பெருக்க முடியும். இன்றைக்கும் தமிழ்நாட்டில் மல்லிகை நாற்று வேண்டுமென்றால் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்து மணலில் வேர்விட்ட குச்சிகளைத்தான் தேடிப் போவார்கள். அதனால் பாட்டி வாசலில் நின்றதும் என் வாசலில் நிற்பதும் பிள்ளை, பேத்தி என்கிற உறவல்ல. ஒரே செடி, இடம் மாறி நிற்கிறது.

பாட்டி பதியன் போடுவதைப் பார்க்க வேண்டும். தாழ்ந்த கிளை ஒன்றை மெதுவாக வளைப்பார். கணுவுக்கு அடியில் பட்டையை மட்டும் கொஞ்சம் சீவி எடுப்பார், பால்வெட்டுகிற அதே கத்தியால். ரப்பர் மரத்தில் பட்டைக்குள் கத்தி போக வேண்டும், ஆனால் உள்மரத்தில் காயம் படக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து மரம் கெட்டுவிடும். மண்டோர் பார்த்தால் திட்டு. முப்பது வருஷம் தினமும் சில நூறு மரங்களில் பழகிய கை அது. மல்லிகைக் கிளை அதற்கு எம்மாத்திரம்? சீவிய இடத்தை மண்ணுக்குள் அழுத்தி, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிடுவார். இரண்டு மாதம் அதைத் தொடக்கூடாது. நான் ஒரு தடவை வேர் வந்ததா என்று செங்கல்லைத் தூக்கிப் பார்த்து முதுகில் வாங்கியிருக்கிறேன். வேர்விட்டதும் தாயிடமிருந்து அறுத்து, உடைந்த பால்மங்கிலோ மைலோ டின்னிலோ வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவார். கல்யாணமாகிப் போகிற பெண்களுக்குக் கேட்காமலே கொடுப்பார்.

ஜப்பான்காரன் காலத்தில் பூச்செடியையெல்லாம் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்குப் பத்து வயது இருக்கும். அரிசி இல்லை, சயாமுக்கு ரயில் பாதை போடப் போன ஆண்கள் பலர் திரும்பவில்லை. அந்த நாலு வருஷத்தைப் பற்றி அவர் அதற்கு மேல் பேசியதில்லை. குழாயடியில் ஒரு மல்லிகை மட்டும் எப்படியோ தப்பியது என்பார். அவ்வளவுதான்.

அம்மாவின் கதை வேறு மாதிரி. ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை போட ஆரம்பித்த காலம். 1979இல், பதினெட்டு வயதில், அம்மாவுக்குத் தோட்டத்தில் கிடைத்த முதல் வேலை செம்பனைப் பூவுக்கு மகரந்தம் அடிப்பது! ஆண் பூவிலிருந்து தூளைத் தட்டி எடுத்து, டால்கம் பவுடரோடு கலந்து, சின்ன ஊதுகுழலில் போட்டு, மலர்ந்த பெண் பூவாகத் தேடித் தேடி முள்ளுக்கு நடுவே ஊத வேண்டும். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அதற்கு மகரந்தம் சேர்க்கிற பூச்சி கூட வரவில்லை, அதனால் நம் பெண்கள் பூச்சியாக வேலை பார்த்தார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, இந்த வேலையைச் செய்வது ஒரு சின்னக் கூன்வண்டு என்று கண்டுபிடித்தார். 1981இல் அதைக் கொண்டுவந்து நம் குளுவாங் வட்டாரத்தில் விட்டார்கள். வண்டு பரவியது, குலை பெருத்தது, ஊதுகுழல் வேலை போயிற்று. "ஒரு வண்டு என் வேலையைப் புடுங்கிருச்சு" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். யாராவது ரோபோ, கணினி என்று பயமுறுத்தினால் அவர் அசைவதே இல்லை.

1996இல் தோட்டம் கைமாறியது. வீடு கட்டப் போகிறார்களாம், எல்லோரும் காலி செய்ய வேண்டும். சாமான் ஏற்ற ஒரே ஒரு லோரி. கட்டில், அலமாரி, சாமிப் படம், கோழிக்கூண்டு ஏறியது போக மிச்ச இடத்தில் பாட்டி மூன்று மல்லிகைப் பதியனையும் இரண்டு கறிவேப்பிலைக் கன்றையும் ஏற்றினார். முருங்கையில் ஒரு போத்து வெட்டிக்கொண்டார். கனகாம்பரத்தைக் கொண்டுவரவில்லை. "அது கெடக்கு, எங்க வேணா மொளைக்கும்" என்றார். ஒரு கைப்பிடி விதையை மட்டும் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பாட்டி தாவர விஷயத்தில் தவறு செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குளுவாங் தாமான் வீட்டு வாசலில் அந்த விதையைத் தூவினார், முளைக்கவும் செய்தது. விரலளவு வந்தபோது அப்பா ஒரு பழைய புரோட்டோன் சாகா வாங்கினார். காரை நிறுத்த வாசல் முழுக்கச் சிமெண்டு. வேலியோரம் ஒரு முழ அகலத்துக்கு மண்ணை விட்டுவைக்கச் சொல்லிப் பாட்டி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து மல்லிகையையும் கறிவேப்பிலையையும் காப்பாற்றினார். கனகாம்பரம் சிமெண்டுக்கு அடியில் போயிற்று. தோட்டத்துக்குப் போய் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். போனபோது லயம் இருந்த இடமே தெரியவில்லை. மண்வாரி இயந்திரம் நிரவிவிட்டிருந்தது.

மல்லிகையும் தப்பவில்லை. 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக ஜொகூரில் வந்த வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. எங்கள் வாசலில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. மல்லிகைக்கு வேரில் தண்ணீர் தேங்கவே கூடாது. வெள்ளம் வடிந்து பார்த்தால் இலை பச்சையாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் மொத்தமும் கறுத்துவிட்டது. கறிவேப்பிலையும் போயிற்று. பாட்டி ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதை அவர் முகத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாசாயிலிருந்து அத்தை வந்தார், இதே முறுக்குத்தட்டு அத்தை. 1988இல் கல்யாணமாகிப் போனபோது பாட்டி கொடுத்த பதியன் அவர் வீட்டில் வேலி முழுக்கப் படர்ந்து கிடந்தது. அதிலிருந்து இரண்டு பதியன், கூடவே கறிவேப்பிலை வேர்க்கன்று ஒன்று, பிளாஸ்டிக் பையில். பாட்டி கண்கலங்குவார் என்று நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நின்றோம். அவர் மல்லிகையைத் தூக்கி, இலையைத் திருப்பி, அடியில் தடவிப் பார்த்துவிட்டு, "செடிய இப்படியா நோஞ்சானா வளர்ப்ப? சாணி கெடைக்கலையா?" என்று அத்தையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவரே குழி தோண்டினார். அடுத்த இரண்டு வருஷம் அதில் பூப்பறித்துத் தொடுத்துவிட்டுத்தான் போனார்.

நான் ஜொகூர் பாரு வந்தபோது அதில் ஒரு பதியன் என்னோடு வந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நாடு முழுக்க நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியபோது, அதன் மதிப்பு எனக்கே தெரிந்தது. சாதாரண நாளில் உங்கு புவான் சாலைப் பூக்கடைகளுக்குத் தமிழ்நாட்டு மல்லிகை விமானத்தில் வந்து இறங்கும். விமானம் நின்றது, பூ நின்றது, கடையும் அடைப்பு. சிங்கப்பூர்ப் பாலம் மூடியதில் என் தங்கை அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். மொட்டையடித்து ஆறு வாரமாகியிருந்த என் செடி, என்ன நடக்கிறது என்றே தெரியாமல் தினம் இரண்டு கை மொட்டு விட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பறித்து, தொடுத்து, தெருவிலுள்ள நாலு தமிழ் வீட்டுக் கேட்டிலும் ஆளுக்கு ஒரு முழம் மாட்டிவிட்டு வருவேன். எதிர் வீட்டு மக்சிக்கும் கேட்டார். மகளுக்கு வீட்டுக்குள்ளேயே நிக்கா, கொண்டையில் வைக்க மெலூர் எங்கும் கிடைக்கவில்லை என்றார். அன்றைக்குச் செடியில் இருந்த அத்தனை மொட்டும் அந்தப் பெண்ணுக்குத்தான். அந்த மாதம் என் வீட்டுச் சாமிக்குச் செம்பருத்திதான் கிடைத்தது, கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது மக்சிக் வீட்டிலும் ஒரு பதியன் இருக்கிறது. அவருக்கு என்னைவிடக் கைராசி, என் செடியைவிட அது கொழுத்து நிற்கிறது. சீன ஆன்ட்டி எனக்குக் கொடுத்தது ராத்திரியில் பூக்கும் பக்காவாலி. ஓர் இலையை ஒடித்து ஊன்றினால் போதும். அது பூக்கிற ராத்திரி பத்து மணிக்கு மேல் மூன்று வீட்டு ஆட்களும் நைட்டி, சாரோங்கோடு என் வாசலில் நிற்போம். காலையில் ஆன்ட்டி வாடிய பூவைக் கேட்டு வாங்கிப் போய் சூப் வைத்துவிடுவார்.

ஆக, கிள்ளி, ஒடித்து, அறுத்துக் கொடுக்க முடிந்ததெல்லாம் எங்களிடம் இருக்கிறது. விதையால் வாழ்கிற ஒன்றுதான் தொலைந்தது. கனகாம்பரம் இப்போதும் நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நல்ல அடர்ந்த ஆரஞ்சு நிறம், பெரிய இதழ். நான் மூன்று தடவை வாங்கிவிட்டேன். வாங்கியவை எதுவும் காய்க்கவில்லை. டெல்லிக் கனகாம்பரம் என்று தமிழ்நாட்டில் சொல்லும் ரகம் இப்படித்தான்; மலட்டுச் செடி, குச்சியில்தான் பெருக்குவார்கள். பாட்டியுடையது நாட்டுக் கனகாம்பரம், கொஞ்சம் வெளிறிய நிறம், சின்னப் பூ. கதிர் காய்ந்ததும் உள்ளே பழுப்பு நிறத்தில் காய் இருக்கும். அதில் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டால், சில நொடியில் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். மழை பெய்த சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்தால் படபடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் மகளுக்கு எட்டு வயது. காய் வெடிக்கும் என்று நான் சொன்னதை அவள், சித்தப்பாவின் ரஜூலா கப்பல் கதையோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.

ரெங்கம், லாயாங் லாயாங், பாலோ, பெக்கோக், லாபிஸ், சிகாமட் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் பாட்டி வீட்டு வாசலைக் கொஞ்சம் பாருங்கள். வெடிக்கிற கனகாம்பரம் இருந்தால் எனக்குப் பத்துக் காய் போதும். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்துப் பறித்து, ஈரம் படாமல் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வையுங்கள். இல்லையென்றால் உள்ளேயே வெடித்துவிடும். ஜொகூருக்குள் எந்த மூலையாக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்கு மல்லிகை தருகிறேன். செங்கல்லுக்கு அடியில் இரண்டு கிளை கிடக்கிறது, சித்திரைக்குள் வேர்விட்டுவிடும்.